துஷ்க் கற்றுத்தந்த கணக்கு: அல்பேனியாவில் நிருபர் அரசியல் அறிஞராகும் பாதை

அல்பேனிய மொழியில் பத்திரிகையாளரை ‘கசெதார்’ என்பார்கள், அரசியல் அறிஞரை ‘பொலிதொலோக்’ என்பார்கள். முதல் சொல் பழையது. இரண்டாவது சொல்லுக்கு அந்த நாட்டில் 1991-க்கு முன்னால் வேலையே இருக்கவில்லை. கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவின் ஆட்சியில் அரசியல் என்ற பெயரில் கற்பித்ததெல்லாம் மார்க்சிய-லெனினியம்தான். அதன் உச்சப் பள்ளி தலைநகர் திரானாவில் லெனின் பெயரில் இருந்த கட்சிப் பள்ளி. தேர்தல்கள் நடந்தன, ஆராய ஒன்றுமில்லை: 1982-இல் நாடு முழுவதும் பதிவான எதிர்வாக்கு ஒன்றே ஒன்று என்று அறிவித்தார்கள். ஒரே பட்டியல், ஒரே கட்சி, ஒரே முடிவு. அதைக் கட்சி நாளேடான ‘ஸெரி இ பொபுலித்’ முதல் பக்கத்தில் அச்சிட்டால் வேலை முடிந்தது.

அதனால்தான் இன்று ஐம்பதைக் கடந்திருக்கும் அல்பேனிய அரசியல் அறிஞர்களில் பலர் செய்தி அறையிலிருந்தோ, மாணவர் இயக்கத்திலிருந்தோ, இரண்டிலிருந்தும் ஒருசேரவோ வந்தவர்கள். அஃப்ரிம் க்ராஸ்னிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் தொடங்கி, திரானாவில் அரசியல் ஆய்வு நிறுவனம் ஒன்றை நடத்துபவர். அல்பேனியக் கட்சிகளின் வரலாறு, தேர்தல்களின் வரலாறு என்று தலையணை கனத்துக்கு எழுதியிருக்கிறார். அவரைப் போன்றவர்களின் பாதையை ‘நிருபர், ஆய்வாளர், பேராசிரியர்’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அந்த மூன்று சொற்களுக்கு இடையில் என்ன வேலை நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். நிருபருக்குத் தேர்தல் இரவில் ஒரு கேள்வி: யார் வென்றார்? அரசியல் அறிஞருக்கு மறுநாள் காலை வேறு கேள்வி: போட்ட வாக்கை இந்தச் சட்டம் என்ன செய்தது? அல்பேனியாவில் முப்பது ஆண்டுகளில் சட்டம் திரும்பத் திரும்ப மாறியதால், இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர் முதல் கேள்விக்குச் சொல்லும் பதிலையும் நம்ப முடியாது.

தொடக்கம் 1990. ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் திரானாவின் வெளிநாட்டுத் தூதரகங்களின் சுவரேறிக் குதித்துத் தஞ்சம் புகுந்தனர். டிசம்பர் 8-ஆம் நாள் மாணவர் போராட்டம் வெடித்தது. 11-ஆம் நாள், ஹோஜாவுக்குப் பின் நாட்டை ஆண்ட ரமிஸ் அலியாவின் தொழிலாளர் கட்சி பிற கட்சிகளை அனுமதிக்க ஒப்புக்கொண்டது. மறுநாளே ஜனநாயகக் கட்சி பிறந்தது. 1991 ஜனவரி 5-ஆம் நாள் ‘ரிலிந்யா தெமொக்ராத்திகே’ வெளிவந்தது, எதிர்க்கட்சியின் முதல் செய்தித்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஹோஜாவின் பெயரை நீக்கக் கோரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதன் உச்சத்தில் பிப்ரவரி 20-ஆம் நாள் ஸ்கந்தர்பெக் சதுக்கத்தில் இருந்த ஹோஜாவின் சிலை விழுந்தது. இந்த வாரங்களில் குறிப்பேட்டோடு தெருவில் நின்றவர்களுக்கு அரசியல் அறிவியல் பட்டம் கிடையாது, அதைக் கொடுக்கத் துறையும் கிடையாது. அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளே பின்னால் வந்த துறைக்கு மூலத் தரவாயின.

அந்தக் குறிப்புகளை அட்டவணையாக்கும்போதுதான் முதல் சிக்கல் தொடங்குகிறது. 1991 மார்ச் 31-இல் நடந்த முதல் பல கட்சித் தேர்தலில் இடங்கள் 250. எல்லாம் ஒரு உறுப்பினர் தொகுதிகள், பெரும்பான்மை வராவிட்டால் இரண்டாம் சுற்று. தொழிலாளர் கட்சி சுமார் 56 விழுக்காடு வாக்கோடு 169 இடம் பெற்றது, ஜனநாயகக் கட்சி சுமார் 39 விழுக்காட்டோடு 75. நகரங்கள் ஒரு பக்கம், கிராமங்கள் மறுபக்கம். திரானாவில் நின்ற ரமிஸ் அலியாவே தன் தொகுதியில் தோற்றார். நிருபருக்கு அது பெரிய தலைப்பு. ஆய்வாளருக்கோ அலியாவின் தோல்வியைவிட அந்தக் கிராம-நகரப் பிளவுதான் பெரியது.

அடுத்த ஆண்டே விதி மாறியது. 1992-இல் 140 இடங்கள்: 100 நேரடித் தொகுதி, கட்சிகளின் இடத்தை வாக்குப் பங்கோடு நெருக்க 40 ஈடுசெய் இடங்கள். ஜனநாயகக் கட்சிக்கு சுமார் 62 விழுக்காடு வாக்கு, 92 இடம். அதாவது 66 விழுக்காடு இடம். வாக்குக்கும் இடத்துக்கும் இடைவெளி சிறிது. 1996-இல் 115 நேரடி, கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்பும் இடம் 25 என்று மாற்றினார்கள். வாக்குப்பதிவு நாளன்று எதிர்க்கட்சிகள் விலகிக்கொண்டன, ஆளும் கட்சிக்கு 140-இல் 122 இடம் போனது. 1997-இல் மொத்தம் 155 இடங்கள், சோஷலிஸ்டுகளுக்கு, அதாவது பெயர் மாற்றிக்கொண்ட பழைய தொழிலாளர் கட்சிக்கு, 101.

இந்த எண்களை ஒரே வரைபடத்தில் கோடாக இழுத்து, “சோஷலிஸ்டுகளின் ஆதரவு இப்படி ஏறி இறங்கியது” என்று எழுதுவது இந்தத் துறையில் புதிதாக வருபவர் செய்யும் முதல் தவறு. 250, 140, 155 என்று கீழெண் மாறிக்கொண்டே இருக்கிறது. நேரடித் தொகுதிக்கும் பட்டியலுக்கும் உள்ள விகிதமும் மாறிக்கொண்டே இருக்கிறது. இடங்களின் எண்ணிக்கையைத் தனியாக எடுத்தால் ஆதரவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அட்டவணையில் குறைந்தது ஐந்து பத்திகள் வேண்டும்: மொத்த இடம், நேரடி இடம், பட்டியல் இடம், நுழைவு வரம்பு (இடம் பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்கு), பங்கீட்டு முறை. அதற்குப் பிறகுதான் கட்சிகளின் பத்தி.

இதை எல்லாரையும் விடத் தெளிவாகக் கற்றுக்கொடுத்தது லுஷ்ன்யா பக்கத்து ஊரான துஷ்க். அந்தப் பெயர் இன்று அல்பேனிய அரசியலில் ஒரு பொதுச்சொல். ‘துஷ்க் செய்வது’ என்றால் அங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். நமக்கு விளக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

1998 நவம்பரில் பொதுவாக்கெடுப்பில் நிறைவேறிய அரசியலமைப்பு 100 நேரடித் தொகுதிகளையும் 40 பட்டியல் இடங்களையும் திரும்பக் கொண்டுவந்தது. அதோடு ஒரு நல்லெண்ண நிபந்தனையையும் சேர்த்தது: ஒரு கட்சியின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை, நாடு முழுவதும் அது பெற்ற வாக்குப் பங்குக்கு முடிந்தவரை நெருக்கமாக இருக்க வேண்டும். நுழைவு வரம்பு தனிக்கட்சிக்கு 2.5 விழுக்காடு, கூட்டணிக்கு 4. வாக்காளர் கையில் இரண்டு சீட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிப் பட்டியலுக்கு.

சட்டத்தின் ஓட்டை அந்த இரண்டாவது சீட்டில் இருக்கிறது. ஒரு பெரிய கட்சி நேரடித் தொகுதிகளிலேயே தன் பங்கைத் தாண்டிவிட்டால், பட்டியலில் அதற்குப் போடும் வாக்கு வீண். அதே வாக்காளர் பட்டியல் சீட்டை ஒரு சிறிய தோழமைக் கட்சிக்குப் போட்டால் அந்தக் கட்சி வரம்பைத் தாண்டும், ஈடுசெய் இடங்களையும் அள்ளும். 2001 தேர்தல் பல சுற்றுகளாகக் கோடை முழுக்க இழுத்தது. துஷ்க் தொகுதியில் வாக்குப்பதிவு தாமதமானபோது, மற்ற இடங்களின் கணக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, சோஷலிஸ்ட் வாக்காளர்களின் பட்டியல் வாக்கைத் தோழமைக் கட்சிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

2005 ஜூலை 3-இல் இதை இரு தரப்பும் நாடு முழுக்கச் செய்தன. முடிவைப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்கு 56 இடம், எல்லாம் நேரடித் தொகுதி, பட்டியலில் பூஜ்யம். சோஷலிஸ்ட் கட்சிக்கு 42, அதுவும் முழுக்க நேரடி. நாட்டின் மிகப் பெரிய இரண்டு கட்சிகளின் பட்டியல் வாக்கு முறையே சுமார் 7.7, 8.9 விழுக்காடு. பட்டியல் வாக்கில் முதலிடம் யாருக்கு? குடியரசுக் கட்சிக்கு, சுமார் 20 விழுக்காடு. அதற்கு ஒரு நேரடித் தொகுதியும் கிடையாது, பட்டியலில் 11 இடம். அடுத்தது சமூக ஜனநாயகக் கட்சி, சுமார் 12.7 விழுக்காடு, 7 இடம்.

இப்போது கணக்கைப் போடுவோம். 140-இல் 7.7 விழுக்காடு என்பது ஏறத்தாழ 11 இடம். விதிப்படி ஜனநாயகக் கட்சியின் மொத்தம் 11-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கையில் 56 இருக்கிறது. நேரடியாக வென்றதைப் பிடுங்க முடியாது, கூட்டவும் ஒன்றுமில்லை. குடியரசுக் கட்சிக்கு 20 விழுக்காடு என்றால் 28 இடம் உரிமை, கையில் பூஜ்யம். ஆகவே இருக்கும் 40-இல் எல்லாரையும் விடப் பெரிய பங்கு அதற்குப் போகிறது. ஒவ்வொரு படியிலும் சட்டம் எழுதியபடியே நடந்தது. விகிதாச்சாரம் மட்டும் செத்துப்போயிற்று. “குடியரசுக் கட்சியின் எழுச்சி” என்று அந்த முடிவுக்குத் தலைப்புப் போடுபவர் நிருபராகவும் தோற்கிறார், அறிஞராகவும் தோற்கிறார். அந்தக் கட்சிக்கு 20 விழுக்காடு ஆதரவாளர்கள் எங்குமே இருந்ததில்லை, 2009-இல் அது ஒரே ஓர் இடத்துக்குச் சுருங்கியதே சாட்சி. 2005-ஆம் ஆண்டுப் பட்டியல் வாக்கை எந்த நீள்காலத் தரவிலும் சேர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நேரடித் தொகுதி வாக்கை மட்டும் எடுத்து, ஓரத்தில் ஒரு குறி போட்டு வைக்க வேண்டும்.

2008 ஏப்ரலில் இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்து அரசியலமைப்பைத் திருத்தின. நேரடித் தொகுதிகள் ஒழிந்தன. நாட்டின் 12 ‘சார்க்’ மாவட்டங்கள் பல உறுப்பினர் தொகுதிகளாயின, மக்கள்தொகைப்படி இடங்கள் பிரிந்தன. கூட்டணிகளுக்கு இடையே டோண்ட் முறை, கூட்டணிக்குள் கட்சிகளுக்கு இடையே 1, 3, 5 என்று ஒற்றை எண்களால் வகுக்கும் சேன்ட்-லாக்யு முறை. மாவட்ட அளவில் கட்சிக்கு 3 விழுக்காடு, கூட்டணிக்கு 5 விழுக்காடு நுழைவு வரம்பு.

டோண்ட் முறையைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காதவர் அல்பேனியத் தேர்தலைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு கற்பனை மாவட்டம்: 7 இடம், 1,00,000 வாக்கு. அ கட்சிக்கு 47,000, ஆ-வுக்கு 33,000, இ-க்கு 12,000, ஈ-க்கு 8,000. ஒவ்வொரு எண்ணையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போக வேண்டும். அ: 47,000, 23,500, 15,667, 11,750. ஆ: 33,000, 16,500, 11,000. இ: 12,000, 6,000. ஈ: 8,000. இந்த எண்களில் பெரிய ஏழைப் பொறுக்குங்கள்: 47,000, 33,000, 23,500, 16,500, 15,667, 12,000, 11,750. அ-வுக்கு 4, ஆ-வுக்கு 2, இ-க்கு 1, ஈ-க்கு எதுவுமில்லை. பாதி வாக்குகூட இல்லாத கட்சிக்குப் பாதிக்கு மேல் இடம்.

இப்போது ஒரு வாக்கையும் மாற்றாமல் ஆ, இ, ஈ மூன்றையும் ஒரே கூட்டணியாக்குங்கள். கூட்டணிக்கு 53,000, 26,500, 17,667, 13,250. மறுபடி ஏழைப் பொறுக்கினால் கூட்டணிக்கு 4, அ-வுக்கு 3. ஆட்சி மாறிவிட்டது. வாக்காளர் யாரும் மனம் மாறவில்லை.

அல்பேனியாவின் 2009-க்கும் 2013-க்கும் நடுவில் நடந்ததன் எலும்புக்கூடு இதில் இருக்கிறது. 2009-இல் ஜனநாயகக் கட்சித் தலைவர் சலி பெரிஷாவின் கூட்டணிக்கு 70, சோஷலிஸ்ட் தலைவர் எடி ராமாவின் கூட்டணிக்கு 66, சோஷலிஸ்டுகளிலிருந்து பிரிந்த இலிர் மேத்தா தரப்புக்கு 4. ஆட்சிக்கு 71 வேண்டும். மேத்தாவின் நான்கு இடங்கள் பெரிஷாவிடம் போயின. 2013-இல் மேத்தாவின் கட்சி மறுபக்கம் சாய்ந்தது. ராமாவின் கூட்டணிக்கு 83, பெரிஷாவுக்கு 57. அதில் மேத்தாவின் கட்சிக்கு மட்டும் 16. இதை “மக்கள் தீர்ப்பு” என்ற ஒரே சொல்லில் அடைப்பவர்கள், ஒரு கட்சி கூட்டணி மாறியதால் கணக்கில் எவ்வளவு நகர்ந்தது, வாக்காளர் மாறியதால் எவ்வளவு நகர்ந்தது என்று பிரிப்பதே இல்லை. பிரிக்க வேண்டும். மாவட்டம் மாவட்டமாக வகுத்துப் பார்த்தால் பிரிக்க முடியும். கணினியில் அரை நாள் வேலை.

எங்கே வாக்கு விழுகிறது என்பதும் எவ்வளவு விழுகிறது என்பதற்குச் சமம். 2021-இல் மேத்தா தொடங்கிய கட்சிக்கு நாடு முழுவதும் சுமார் 6.8 விழுக்காடு வாக்கு, 4 இடம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு சுமார் 2.3 விழுக்காடு, 3 இடம். முதல் கட்சியின் வாக்கு 12 மாவட்டத்திலும் மெல்லிசாகப் பரவியிருந்தது. இரண்டாவதன் வாக்கு வடக்கே ஷ்கோடரில் குவிந்திருந்தது. தேசிய விழுக்காட்டை மட்டும் படித்துக் கருத்துச் சொல்லும் தொலைக்காட்சி விவாதங்களில் இது தொடர்ந்து தவறிப்போகும் இடம்.

சட்டம் சரியாகவே இருந்தாலும் எண்ணும் மேசையில் கவிழலாம். 2011 மே 8-ஆம் நாள் திரானா மேயர் தேர்தல் அதற்கான பாடம். வாக்காளர் கையில் நான்கு சீட்டு: நகர மேயர், நகர மன்றம், வட்டார மேயர், வட்டார மன்றம். பெட்டியும் நான்கு. முதல் எண்ணிக்கையில் ராமா 10 வாக்கு முன்னிலை. அதன்பின் தவறான பெட்டியில் விழுந்த மேயர் சீட்டுகளை எண்ணலாமா என்ற கேள்வி எழுந்தது. மத்தியத் தேர்தல் ஆணையம் எண்ணச் சொன்னது, ஜனநாயகக் கட்சியின் லுல்சிம் பாஷா நூறுக்கும் குறைவான வாக்கில் வென்றார். இரண்டு லட்சத்துக்கும் மேல் பதிவான வாக்கில்! அந்த நாட்களைப் பதிவுசெய்த நிருபர்களில், தவறான பெட்டியில் விழுந்த சீட்டின் சட்ட நிலை எண்ணிக்கைக்கு முன்பே எழுதப்பட்டிருந்ததா என்று தேடியவர்கள்தான் உருப்படியான ஆய்வை எழுதினார்கள். முடிவுக்குப் பின் விதியைப் படிப்பது பழக்கமாகிவிட்டால் ஆய்வாளர் ஏதோ ஒரு தரப்பின் வழக்கறிஞராகிவிடுவார்.

பழைய செய்தித்தாளைத் தோண்டும் வேலைக்கும் சில நுணுக்கங்கள் உண்டு. அல்பேனிய ஊர்ப்பெயர்கள் வாக்கியத்தில் வரும் விதத்துக்கு ஏற்ப உருமாறும்: ‘திரானா’ ‘திரான’ ஆகும், ‘ஷ்கோடர்’ ‘ஷ்கோத்ரா’ ஆகும். ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் மீதிச் செய்திகள் கிடைக்காது. எழுத்திலக்கணத்தை ஒருமைப்படுத்தியது 1972 மாநாடு. அதற்கு முந்தைய வடநாட்டு ஏடுகள் பலவும் ‘கேக்’ எனும் வடக்கு வட்டார வழக்கில் இருக்கும். ‘ஒன்று’ என்பதற்கு இன்று ‘ன்யெ’ என்று எழுதும் இடத்தில் அங்கே ‘ன்யி’ இருக்கும். இரண்டு உலகப் போருக்கு இடைப்பட்ட கட்சிகளைப் பற்றி எழுதுபவர் இந்த இரட்டைத் தேடலைச் செய்யாவிட்டால் பாதி வடக்கையே தொலைத்துவிடுவார்.

கட்சிப் பெயர்கள் அடுத்த பொறி. தொழிலாளர் கட்சி 1991 ஜூனில் சோஷலிஸ்ட் கட்சி ஆனது. மேத்தா 2004-இல் அதிலிருந்து பிரிந்து தொடங்கிய கட்சி 2022-இல் சுதந்திரக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1992-இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு பிரிவு உடைந்து தனிக் கட்சியானது. ஒவ்வொரு கட்சிக்கும் பெயரோடு சேர்த்து மாறாத ஓர் எண்ணைக் கொடுத்து, பிரிவு, இணைவு, பெயர்மாற்றம் ஆகியவற்றைத் தேதியோடு தனி அட்டவணையில் வைப்பதே வழி. இதை முதல் நாளே செய்ய வேண்டும். பத்து ஆண்டுத் தரவு சேர்ந்தபின் செய்ய உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

ஆவணங்களில் முதலிடம் அரசிதழுக்கு, பிறகு நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பு, பிறகு தேர்தல் ஆணையத்தின் மாவட்ட முடிவுகள், கடைசியில் செய்தித்தாள். நிருபராக இருந்தவருக்கு இந்த வரிசை மனத்துக்குக் கசக்கும், தான் எழுதியது கடைசியில் நிற்கிறது. ஆனால் 1991 முதல் 1997 வரை செய்தித்தாளே முன்னே வரும் தருணங்களும் உண்டு. பிரமிட் நிதி நிறுவனங்கள் சரிந்து நாடு கொதித்த 1997-இல், மார்ச் 2-ஆம் நாள் அவசரநிலை வந்தது. அன்று இரவே ‘கோஹா யோனெ’ நாளேட்டின் அலுவலகம் எரிக்கப்பட்டது. அரசு பேசாத நாட்களுக்கு அரசிதழில் என்ன இருக்கும்? அங்கே எஞ்சிய ஏடுகளும் நிருபர்களின் கையெழுத்துக் குறிப்புகளும்தான் சான்று.

அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றம் 1993-இன் கெடுபிடியான பத்திரிகைச் சட்டத்தை நீக்கிவிட்டு, இரண்டே வாக்கியத்தில் புதுச் சட்டம் இயற்றியது: பத்திரிகை சுதந்திரமானது, பத்திரிகைச் சுதந்திரத்தைச் சட்டம் காக்கும். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து, நிருபருக்கு ஒப்பந்தம் உண்டா என்பவை எதையும் அந்த இரண்டு வாக்கியம் தொடவில்லை. கட்டுமான நிறுவனமும் தொலைக்காட்சியும் ஒரே கையில் சேர்வதற்கு அந்த வெற்றிடம் இடம் கொடுத்தது. நிருபர் பணியிலிருந்து ஆய்வுக்கு நகர்பவர்களுக்கு அங்கே பெரிய ஆபத்து மாலைநேர விவாத நிகழ்ச்சி. அங்கே ‘அனலிஸ்ட்’, ‘ஒப்பினியொனிஸ்ட்’ என்ற பெயர்களில் அமர்பவர்களில் கட்சிப் பேச்சாளராக இருந்தவரும் உண்டு, நாளை இருக்கப்போகிறவரும் உண்டு. நாற்காலி ஒன்றுதான், திரையில் ஓடும் பெயர்ப்பட்டையும் ஒன்றுதான். தன் கட்சிப் பணிக்காலத்தை ஆண்டுகளோடு வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டு ஆய்வு செய்பவரை நான் மதிக்கிறேன். அந்த நாட்டில் 1990-இல் இருபது வயது இருந்த அறிவாளி எந்தக் கட்சியையும் தொடாமல் இருந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. மறைப்பதுதான் குற்றம்.

2025 மே 11 தேர்தல் அட்டவணைக்கு ஒரு புதுப் பத்தியைக் கொடுத்தது. வெளிநாட்டில் வாழும் அல்பேனியர்கள் முதல்முறையாக அஞ்சலில் வாக்களித்தார்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்திருந்தார்கள். பட்டியல்களில் ஒரு பகுதி மூடியது, மறுபகுதியில் வாக்காளரே பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவு: சோஷலிஸ்ட் 83, ஜனநாயகக் கட்சி தலைமையிலான கூட்டணி 50, சமூக ஜனநாயகக் கட்சி 3, மீதி நான்கு இடம் மூன்று புதிய சிறு கட்சிகளுக்கு. 83 என்ற எண்ணைப் பார்த்ததும் 2013-இன் 83 நினைவுக்கு வரும், பலர் ஒப்பிட்டும்விட்டார்கள். 2013-இன் 83 மேத்தாவின் கட்சியும் சேர்ந்த ஒரு கூட்டணியின் எண், 2025-இன் 83 ஒரே கட்சியின் எண். நுழைவு வரம்பும் 2020-இல் நாடு தழுவிய 1 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. வெளிநாட்டு வாக்கை மாவட்ட வாக்கிலிருந்து பிரித்து, பன்னிரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனியாக மறுபடி வகுத்துப் பார்க்க வேண்டும்.